படைக்கலம் காக்கும் ஒற்றுமை

மக்களாட்சி என்னும் சொல்லை ஆசிய நாடுகளின் ஆட்சியாளர்கள் ஓதாத நாளில்லை. ஒப்புக்கேனும் தேர்தல் நடத்தாத அரசுகள் இப்பெருநிலத்தில் மிகச் சிலவே. ஒப்போலைப் (வாக்குச்சீட்டு) பெட்டிகள் வைக்கப்படுகின்றன, மக்கள் நெடுவரிசையில் காத்து நிற்கின்றனர், எண்ணிக்கை அறிவிக்கப்படுகின்றது. ஆனால், அந்த எண்ணிக்கைக்குப் பின் நடப்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. ஒரு நாட்டில் தோற்றவன் வீட்டுக்குப் போகின்றான். இன்னொரு நாட்டிலோ வென்றவன் சிறைக்குப் போகின்றான். அடுத்தடுத்து வாழும் அண்டை நாடுகளிடையே இத்துணை வேற்றுமை ஏன் வந்தது? இவ்வினாவுக்கு விடை காணாமல், தேர்தல் நடந்துவிட்டது, ஆகவே மக்களாட்சி மலர்ந்துவிட்டது என்று மகிழ்வது பேதைமையாகும்.

வங்கக் கடலுக்கு அப்பால் உள்ள மூன்று நாடுகளை எடுத்துக்கொள்வோம். மியன்மார் என்று படையாட்சியினர் 1989-இல் பெயர் மாற்றிய பர்மா ஒன்று. அதனோடு நீண்ட எல்லையால் ஒட்டிக்கிடக்கும் தாய்லாந்து இன்னொன்று. அவற்றுக்குத் தெற்கே ஆயிரக்கணக்கான தீவுகளாய்ப் பரந்து கிடக்கும் இந்தோனேசியா மூன்றாவது.

பர்மிய மக்கள் 1990, 2015, 2020 ஆகிய மூன்று தேர்தல்களில் படையாட்சிக்கு எதிராகத் தம் தீர்ப்பைத் தெள்ளத்தெளிய வழங்கினர். முதல்முறை அத்தீர்ப்பு குப்பையில் வீசப்பட்டது. இரண்டாம்முறை அரைகுறையாக ஏற்கப்பட்டது. மூன்றாம்முறை 2021 பிப்ரவரி 1-ஆம் நாள் விடியற்காலையில் படைக்கலம் கொண்டு பறிக்கப்பட்டது. தாய்லாந்தில் 1932-ஆம் ஆண்டு மன்னரின் தனியாட்சி முடிவுற்றது. அன்றுதொட்டுப் படையினர் பன்னிரண்டு முறைக்குக் குறையாமல் ஆட்சியைக் கவர்ந்துள்ளனர். 2017-இல் வந்தது அந்நாட்டின் இருபதாவது அரசமைப்புச் சட்டம்! இந்தோனேசியாவோ 1966 முதல் 1998 வரை சுகார்த்தோ என்னும் படைத்தலைவரின் கொடுங்கோலின்கீழ் நலிந்த நாடு. ஆயினும், 1998-க்குப் பின் அங்குப் படையினரின் ஆட்சிக்கவர்வு ஒன்றுகூட நிகழவில்லை. 2004 முதல் 2024 வரை ஐந்து முறை மக்களே நேரடியாகக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்துள்ளனர்.

இவ்வேற்றுமைக்குக் கரணியம் கூற வருவோர் செல்வம், கல்வி, மதம், வெள்ளையராட்சியின் எச்சம் என்று பலவற்றை அடுக்குவர். அவற்றுள் ஒன்றும் இங்குப் பொருந்தவில்லை. செல்வமே மக்களாட்சியை வளர்க்கும் எனின், இந்தோனேசியாவைவிட ஆள்வருமானம் மிகுந்த தாய்லாந்தன்றோ முன்னே சென்றிருக்க வேண்டும்? இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகிலேயே மிகுதியான அரிசியை ஏற்றுமதி செய்த பர்மா ஏன் இந்நிலைக்குத் தாழ்ந்தது? அயலார் ஆட்சியின் வடுவே கரணியம் எனின், வெள்ளையர்க்கு ஒருநாளும் அடிமைப்படாத தாய்லாந்தில் படையாட்சி வேரூன்றியது எப்படி? இசுலாமும் மக்களாட்சியும் ஒத்துப்போகா என்று மேலைநாட்டார் சிலர் எழுதினர். உலகிலேயே மிகுதியான முசுலிம்கள் வாழும் இந்தோனேசியாவே இம்மூன்றனுள் முன்னேறிச் சென்றது.

எனவே, கரணியத்தை வேறிடத்தில் தேட வேண்டும். நாம் காண்பது இதுதான்: பல இனங்கள் வாழும் ஒரு நாட்டில், சிறுபான்மைத் தேசிய இனங்களின் உரிமையை மறுத்து, 'ஒற்றுமை' என்னும் பெயரால் அவற்றைப் படைகொண்டு அடக்கும் அரசு, தன் பெரும்பான்மை இன மக்களின் உரிமையையும் அதே படையிடம் அடகு வைத்துவிடுகின்றது. எல்லைப்புறத்து மக்களை ஒடுக்குவதற்கென்று வளர்க்கப்படும் படை எல்லைப்புறத்திலேயே நின்றுவிடுவதில்லை. ஒருநாள் தலைநகர்க்கு வந்தே தீரும். வேலியே பயிரை மேயும் கதை அதுவாகும். இதற்கு மாறாக, ஆட்சியுரிமையைப் பகிர்ந்தளிக்கும் நாட்டில் படைக்கு வேலை குறைகின்றது. வேலை குறைந்த படை பாசறைக்குத் திரும்புகின்றது. மூன்று நாடுகளின் வரலாறும் இவ்வுண்மையைத் தனித்தனியே மெய்ப்பிக்கின்றன.

பர்மா: முறிக்கப்பட்ட உடன்படிக்கை

பர்மா ஓரின நாடன்று. பர்மிய இனத்தார் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர். எஞ்சியோர் சான், கரென், கச்சின், சின், மோன், அரக்கானியர், கரென்னியர் முதலான பல இனத்தார். வெள்ளையர் வெளியேறும் காலத்தில், விடுதலைத் தலைவர் ஆங் சான், 1947 பிப்ரவரி 12-ஆம் நாள் பாங்லோங் என்னும் ஊரில் சான், கச்சின், சின் இனத் தலைவர்களுடன் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். மலைநாட்டு மக்களின் உள்நாட்டு ஆட்சியில் தன்னுரிமை காக்கப்படும் என்பது அதன் உயிர்நாடி. அவ்வுறுதியை நம்பியே அவ்வினங்கள் பர்மிய ஒன்றியத்தில் இணைந்தன. அவ்வாண்டே இயற்றப்பட்ட அரசமைப்புச் சட்டம், சான், கரென்னி மாநிலங்கட்குப் பத்தாண்டுகளுக்குப் பின் பிரிந்து செல்லும் உரிமையையும் வழங்கிற்று. ஆனால், கையெழுத்திட்ட ஐந்து மாதங்களில், சூலை 19-ஆம் நாள், ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு அவ்வுடன்படிக்கையின் உயிரும் போயிற்று.

1948 சனவரி 4-ஆம் நாள் விடுதலை வந்தது. ஏறத்தாழ ஓராண்டில் கரென் மக்களின் கிளர்ச்சியும் வந்தது. தொடர்ந்து வந்த அரசுகள் கூட்டாட்சியைச் சட்டத்தில் எழுதிவைத்து, நடைமுறையில் ஒற்றையாட்சியே நடத்தின. 1961-இல் ஊ நூ அரசு புத்த மதத்தை அரசு மதமாக அறிவித்தது. கிறித்தவர் மிகுந்த கச்சின் நிலத்தில் படைக்கலக் கிளர்ச்சி எழுந்தது. உண்மையான கூட்டாட்சி வேண்டும் என்று சான் முதலிய இனத் தலைவர்கள் 1962 பிப்ரவரியில் இரங்கூன் நகரில் கூடிப் பேசினர். கலகம் செய்யக் கூடினரா? இல்லை. அரசே அழைத்த கூட்டத்தில் முறைப்படி வாதாடவே கூடினர். மார்ச்சு 2-ஆம் நாள் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கவர்ந்தார். அவர் தரப்பு கூறிய கரணியம் யாது? கூட்டாட்சிக் கோரிக்கையால் நாடு சிதறும் என்பதே! விடுதலை பெற்ற பர்மாவின் முதற் குடியரசுத் தலைவராயிருந்த சான் இனத்தவர் சாவோ சுவே தைக் அன்றிரவே சிறைப்பிடிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் சிறையிலேயே மாண்டார்.

சான் இனத்தார்க்கு வந்த கேடு நமக்கென்ன என்றிருந்த பர்மிய இனத்தார்க்கு நான்கே மாதங்களில் விடை கிடைத்தது. சூலை 7-ஆம் நாள் இரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள்மேல் குண்டுமாரி பொழியப்பட்டது. மறுநாள் மாணவர் கழகக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்து வந்தது வணிகப் பறிப்பு. 1963, 1964-ஆம் ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டன. அங்குப் பல தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்த தமிழர்கள் உள்ளிட்ட இலக்கக்கணக்கான மக்கள், ஈட்டிய உடைமையெல்லாம் இழந்து கப்பலேறினர். பர்மாவிலிருந்து வந்தவர்கள் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே விரித்த நடைபாதைக் கடைகளே 'பர்மா பசார்' என்று இன்றும் பெயர் தாங்கி நிற்கின்றன. படையாட்சி என்பது தொலைவில் நடக்கும் செய்தியன்று. நம் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பை அணைத்த செய்தியாகும்.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1988-இல், நாடே எழுந்தது, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். 1990 தேர்தலில் ஆங் சானின் மகள் ஆங் சான் சூ கியின் கட்சி 392 இருக்கைகளை வென்றது. படையினர் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. மாறாக, பதினெட்டாண்டுகள் கழித்து ஒரு பூட்டைச் செய்தனர். அதுதான் 2008-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம். பெரும்புயலால் ஐராவதி கழிமுகத்தில் ஓரிலக்கத்துக்கும் மேற்பட்டோர் மாண்டு, பிணங்கள் மிதந்துகொண்டிருந்த அதே மே மாதத்தில் அதற்குப் பொது ஒப்போலை எடுக்கப்பட்டது என்பதிலிருந்தே அதன் அருமையை உணரலாம். நாடாளுமன்ற இருக்கைகளுள் நான்கில் ஒரு பங்கு படைத்தலைவர் அமர்த்தும் படையாட்களுக்கே. பாதுகாப்பு, உள்துறை, எல்லைப்புறம் ஆகிய மூன்று அமைச்சர்களும் அவர் குறிப்பிடுவோரே. அச்சட்டத்தின் முகாமையான பகுதிகளைத் திருத்த வேண்டுமாயின், நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட ஆதரவு வேண்டும். இருபத்தைந்து அவர்கள் கையில். எழுபத்தைந்தைத் தாண்ட வேண்டும் என்பது சட்டம். கணக்கறிந்தோர் இப்பூட்டின் நுட்பத்தை உணர்வர். மக்கள் அத்தனைபேரும் ஒருமுகமாய் நின்றாலும், படையாட்களுள் ஒருவனேனும் மனமிரங்காமல் அப்பூட்டுத் திறவாது.

இப்பூட்டோடுதான் சூ கி 2016-இல் ஆட்சிக்கு வந்தார். அப்போதாவது சிறுபான்மை இனங்களைத் தோழராகக் கொண்டு படையை எதிர்த்தாரா? 2017-இல் அரக்கானில் உரோகிங்கிய மக்களின் ஊர்கள் படையினரால் எரிக்கப்பட்டன; ஏழு இலக்கத்துக்கும் மேற்பட்டோர் வங்காளதேசத்துக்கு ஏதிலியராய் ஓடினர். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையே மறுக்கப்பட்ட மக்கள் அவர்கள். 2019 திசம்பரில் பன்னாட்டு அறமன்றத்தின் முன் இனக்கொலைக் குற்றச்சாட்டை மறுத்து நாட்டின் சார்பில் வாதாடியவர் சூ கியே! பெரும்பான்மை இனத்தின் பெருந்திரள் அவரைக் கைதட்டி வழியனுப்பியது. பதினான்கு மாதங்கள் கழியவில்லை. எந்தப் படையை அவர் காத்து நின்றாரோ, அந்தப் படையே அவரைச் சிறைப்பிடித்தது. சிறிய இனத்துக்கு எதிராக ஏவப்பட்ட கொடுமைக்கு வாய்மூடி நின்ற மக்களாட்சி, தன் கழுத்துக்குத் தானே சுருக்கு முடிந்துகொண்டது. இதைவிடத் தெளிவான பாடம் அண்மை வரலாற்றில் இல்லை.

2021-க்குப் பின் பர்மிய இன இளைஞர்கள் பலர் கரென், கச்சின், சின் மலைகளில் அடைக்கலம் புகுந்தனர். எழுபதாண்டுகளாக அம்மக்கள் என்ன பட்டனர் என்பதை அப்போதுதான் கண்ணாற் கண்டனர். விரட்டப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் 2021 மார்ச்சில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாதென அறிவித்து, கூட்டாட்சிக்கான பட்டயம் ஒன்றை வெளியிட்டனர். பாங்லோங்கில் 1947-இல் தொடங்கிய பேச்சு, எழுபத்து நான்கு ஆண்டுக் குருதிக்குப் பின் மீண்டும் அதே இடத்தில் தொடங்கிற்று. படையாட்சியோ சூ கியின் கட்சியை 2023 மார்ச்சில் கலைத்துவிட்டு, 2025 திசம்பர் இறுதி முதல் 2026 சனவரி வரை தவணை தவணையாய் ஒரு தேர்தலை நடத்திக்கொண்டது. போர் நடக்கும் பல வட்டங்களில் ஒப்போலைப் பெட்டியே வைக்கப்படவில்லை. வென்றது யாரென்று கூறவும் வேண்டுமோ? படையினர் வளர்த்த கட்சியே வென்றது.

தாய்லாந்து: தெற்கே அடித்த ஆணி

தாய்லாந்துக்கு வருவோம். சியாம் என்பதே அந்நாட்டின் பழம்பெயர். பிபுன் என்னும் படைத்தலைவர் 1939-இல் அதனைத் தாய்லாந்து என்று மாற்றினார். நாட்டில் வாழும் மலாயரும் இலாவோ மொழியாரும் பிறரும் தம் இனப்பெயர் கூறாமல் 'தாய்' என்றே அழைக்கப்பட வேண்டும்; தாய் மொழியையே கற்றுப் பேச வேண்டும் என ஆணைகள் பிறந்தன. பெயர் மாற்றத்தோடு மக்களின் முகத்தையும் மாற்றிவிட முனைந்தனர்.

தெற்கே உள்ள பட்டாணி நிலம் மலாய் மொழி பேசும் மக்களின் பழைய அரசு. 1909-இல் ஆங்கிலேயரும் சியாமும் செய்துகொண்ட உடன்படிக்கையால் சியாமின் பகுதியென உறுதிசெய்யப்பட்ட நிலம் அது. அம்மக்களின் தலைவர் அச்சி சூலோங் 1947-இல் ஏழு கோரிக்கைகளை அரசின்முன் வைத்தார். மலாய் மொழி பள்ளியிலும் அலுவலகத்திலும் வழங்க வேண்டும். அம்மண்ணின் மகனே அம்மண்ணை ஆளவேண்டும் என்பன அவற்றுட் சில. மறு ஆண்டே அவர் சிறைப்பட்டார். விடுதலையானபின் 1954-இல் காணாமற் போனார். தாய்மொழியில் கற்க வேண்டும் என்பது எந்நாட்டில் குற்றமோ அந்நாட்டில் அமைதி எப்படி நிலைக்கும்?

2004-இல் அங்குப் போர் மூண்டது. அவ்வாண்டு அக்டோபர் 25-ஆம் நாள் தாக்பாய் என்னும் ஊரில் கிளர்ந்தெழுந்த மக்கள், கைகள் பின்னால் கட்டப்பட்டுச் சரக்குந்துகளில் ஒருவர்மேல் ஒருவராய் அடுக்கப்பட்டனர். மூச்சுத்திணறி மாண்டோர் மட்டும் 78 பேர். அந்நிகழ்ச்சியில் இறந்தோர் மொத்தம் 85 பேர். அப்போது ஆண்டவர் படைத்தலைவரல்லர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தாக்சின் என்பதை மறத்தலாகாது. இருபதாண்டுக் காலவரம்பு 2024 அக்டோபர் 25-ஆம் நாள் முடிந்தது. ஒருவர்கூட அறமன்றக் கூண்டில் ஏற்றப்படாமலே வழக்கு மாண்டது.

இங்குதான் நாம் கூறும் உண்மை பட்டவர்த்தனமாகின்றது. தெற்கை அடக்குவதற்கென 2005-இல் தாக்சின் அரசு ஒரு நெருக்கடி நிலை ஆணையைப் பிறப்பித்தது. ஆள்வோர்க்கு எல்லையற்ற ஆற்றலும், அவர்தம் செயலுக்குத் தண்டனையிலிருந்து காப்பும் அளித்த ஆணை அது. பாங்காக்கு மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. அது தெற்கத்தியார்க்கு என்றிருந்தனர். ஐந்தாண்டுகள் கழித்து, 2010-இல், தலைநகரில் கூடிய செஞ்சட்டையர்மேல் அதே ஆணை பாய்ந்தது. தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அச்செஞ்சட்டையர் யார்? பெரும்பாலும் தாக்சினின் ஆதரவாளர்களே! 2020-இல் அரசமைப்பு மாற்றம் கேட்ட மாணவர்கள்மேலும் அதே ஆணை பாய்ந்தது. தெற்கே அடித்த ஆணி வடக்கே தம் காலிலேயே தைத்தது.

வடகிழக்கு மக்களின் நிலையும் இதனின் வேறன்று. இலாவோ மொழிவழி வந்த அவ்வுழவர்களும் வடபுல மக்களும் 2005, 2007, 2011 ஆகிய தேர்தல்களில் தேர்ந்த அரசுகள் படையினராலோ அறமன்றத் தீர்ப்பாலோ ஒவ்வொன்றாகக் கவிழ்க்கப்பட்டன. 2006-இலும் 2014-இலும் படை நேரே வந்தது. பின்னர்ப் படைக்கு அத்தொல்லையும் வேண்டாதவாறு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது. படையாட்சி அமர்த்திய 250 மேலவையினர், தலைமையமைச்சரைத் தேர்ந்தெடுப்பதில் ஐந்தாண்டுகளுக்கு ஒப்போலை பெற்றனர். 2023 மே மாதத் தேர்தலில் 151 இருக்கைகளுடன் முதலிடம் பெற்ற முன்னேற்றக் கட்சியின் தலைவர் பீட்டா, அம்மேலவையால் தடுக்கப்பட்டார். 2024 ஆகத்து 7-ஆம் நாள் அக்கட்சியே அரசமைப்பு மன்றத்தால் கலைக்கப்பட்டது. அதற்கடுத்த ஏறத்தாழ ஓராண்டில் தலைமையமைச்சர் இருவர் அம்மன்றத்தின் தீர்ப்பால் நீக்கப்பட்டனர். பர்மியப் பூட்டுக்கும் தாய்லாந்துப் பூட்டுக்கும் செய்த கொல்லன் வேறு, செய்முறை ஒன்றே.

இந்தோனேசியா: பகிர்ந்தளித்ததால் நிலைத்த நாடு

இந்தோனேசியாவின் கதையிலும் குருதிக்குக் குறைவில்லை. 1965, 1966-ஆம் ஆண்டுகளில் குறைந்தது ஐந்து இலக்கம் மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். நாட்டைக் காப்பதும் நாட்டை ஆள்வதும் ஆகிய இரட்டைப் பணி படைக்கு உண்டு என்பது சுகார்த்தோவின் கொள்கை. நாடாளுமன்றத்தில் படையினர்க்குத் தேர்தலின்றி இருக்கைகள் இருந்தன. 1975 திசம்பரில் கிழக்குத் திமோரைப் படையெடுத்து விழுங்கினர். இருபத்து நான்கு ஆண்டுகளில் குறைந்தது ஓரிலக்கம் திமோரியர் மாண்டனர்.

ஆயினும், அந்நாட்டின் தொடக்கத்திலேயே ஒரு நல்வித்து ஊன்றப்பட்டிருந்தது. சாவக இனத்தாரே அங்கு மிகப்பெரிய இனத்தார். ஐவரில் இருவர் அவர்களே. ஆயினும், 1928 அக்டோபரில் விடுதலை இளைஞர்கள் கூடி உறுதியேற்றபோது, சாவக மொழியைப் பொதுமொழியாக்க முனையவில்லை. கடல் வாணிகத்தில் பலரும் வழங்கிய மலாய் மொழியையே தேர்ந்தனர். பெரிய இனம் தன் மொழியைப் பிறர் தலையில் சுமத்தாத பெருந்தன்மை அது. தன் மொழியே நாட்டுமொழி எனத் தருக்கும் பெரும்பான்மையோர் இதனை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.

1998 மே 21-இல் சுகார்த்தோ வீழ்ந்தார். அப்போது எத்தனையோ அறிஞர்கள் இந்நாடு துண்டு துண்டாய்ச் சிதறும் என்று ஆரூடம் கூறினர். பின் வந்தோர் செய்தது யாது? முதலாவதாக, கிழக்குத் திமோர் மக்களிடமே கேட்டனர். 1999 ஆகத்து 30-ஆம் நாள் 78.5 விழுக்காட்டினர் விடுதலை வேண்டும் என்றனர். படையும் அதன் கூலிக்கும்பலும் ஊர்களை எரித்தன; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆனால், அத்தீர்ப்பை மாற்ற இயலவில்லை. 2002 மே 20-இல் புதுநாடு பிறந்தது. இன்று அச்சிறு நாடு, தேர்தலில் தோற்றோர் அமைதியாய் விலகும் நாடாக விளங்குகின்றது. 2025 அக்டோபரில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பில் பதினோராவது உறுப்பாகவும் சேர்ந்தது.

இரண்டாவதாக, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 2001 முதல் மாவட்டங்கட்கும் நகரங்கட்கும் பேரளவு ஆட்சியுரிமையும் வரிப்பங்கும் வழங்கப்பட்டன. ஏறத்தாழ இருபது இலக்கம் அரசு ஊழியர் நடுவண் அரசிடமிருந்து உள்ளூராட்சிக்கு மாற்றப்பட்டனர். 2005 முதல் உள்ளூர்த் தலைவர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். அவ்வாறு சோலோ நகரத் தலைவராய்த் தொடங்கிய மரத்தொழிலர் சோக்கோ விடோடோ, 2014-இல் குடியரசுத் தலைவரானார். படைக்குடும்பமோ பழங்குடும்பமோ சாராத ஒருவர் மேலேற ஏணியாக நின்றது உள்ளூர் உரிமையே.

மூன்றாவதாக, முப்பதாண்டுக்கு அண்மைய போரால் குலைந்த ஆச்சே நிலத்தோடு பேசினர். 2004 திசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், 2005 ஆகத்து 15-இல் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. ஆச்சே மக்கள் தம் நிலத்துக்கெனத் தனிக்கட்சி அமைக்கும் உரிமை பெற்றனர். விடுதலைப் படையில் இருந்தவரே 2006 திசம்பரில் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்வாறு போர்க்களங்கள் குறையக் குறையப் படையின் பிடியும் தளர்ந்தது. காவல்துறை படையினின்று பிரிக்கப்பட்டது. 2004-இல் நாடாளுமன்றத்தில் படையினரின் இருக்கைகள் அடியோடு ஒழிந்தன. பர்மாவில் நான்கில் ஒரு பங்கை எவராலும் அசைக்க இயலவில்லை. இங்கோ முழுவதும் கரைந்தது. வேற்றுமையின் வேர் எங்குள்ளது என்பது விளங்குகின்றதன்றோ?

குறைகளை மறைத்தல் அறமன்று. பாப்புவா நிலத்தில் 1969-இல் அரசு பொறுக்கியெடுத்த ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொண்டு 'மக்கள் விருப்பம்' என்று நடத்திய நாடகத்தின் விளைவு இன்றும் ஆறாப் புண்ணாயுள்ளது. அப்புண் உள்ளவரை அங்குப் படைக்கு வேலையுண்டு. வேலையுள்ள படைக்கு விருப்பங்களும் உண்டு. 1965 கொலைகட்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. சுகார்த்தோவின் மருமகனாயிருந்த படைத்தலைவர் பிரபோவோ 2024 அக்டோபரில் குடியரசுத் தலைவரானார். 2025 மார்ச்சில் படையினர் அமரத்தக்க குடியியல் அலுவலகங்களின் எண்ணிக்கை சட்டத்தால் கூட்டப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் சுகார்த்தோவுக்கே நாட்டு மறவர் என்னும் சிறப்பு வழங்கப்பட்டது. திறந்த பூட்டை மீண்டும் மாட்டுவதற்குக் கைகள் துடிக்கின்றன. மக்களாட்சி ஒருமுறை வென்று பெட்டியில் வைத்துப் பூட்டும் பொருளன்று. நாள்தோறும் காக்க வேண்டிய விளக்கு.

பிளவு வரும் என்னும் பூச்சாண்டி

சிறிய இனங்கட்கு உரிமை கொடுத்தால் நாடு சிதறிவிடும் என்போர்க்கு இம்மூன்று நாடுகளே மறுமொழி. உரிமை கொடுத்த இந்தோனேசியாவினின்று பிரிந்தது திமோர் ஒன்றே; அதுவும் படையெடுத்துப் பறித்த நிலம். ஆச்சே பிரியவில்லை; பேசித் தங்கிற்று. உரிமை மறுத்த பர்மாவிலோ இன்று நாட்டின் பெரும்பகுதியில் நடுவணரசின் ஆணை செல்லவில்லை. ஒற்றுமைக்காக மக்களாட்சியைக் கொன்றவர்கள் இறுதியில் ஒற்றுமையையும் கொன்றனர். படைக்கலம் காக்கும் ஒற்றுமை, படைக்கலம் உள்ளவரைதான்.

துமுக்கி (துப்பாக்கி) ஏந்திய ஒவ்வோர் இனப்படையும் அறத்தின் படையாகிவிடாது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். அரக்கானியப் படையினர்மேல் உரோகிங்கிய மக்கள் கூறும் குற்றச்சாட்டுகள் கொடியன. தனக்கு உரிமை கேட்கும் இனம் தன்னினும் சிறிய இனத்துக்கு அவ்வுரிமையை மறுக்குமாயின், அது நேற்றைய ஒடுக்குநரின் நாற்காலிக்கு அடிபோடுகின்றது என்பதே பொருள். அளவுகோல் எல்லார்க்கும் ஒன்றே.

அண்டை நாடுகள் என்ன செய்தன? உள்நாட்டுச் செய்தியில் தலையிடோம் என்று தென்கிழக்காசியக் கூட்டமைப்பு ஐந்து கூறுகள் கொண்ட ஓர் இணக்கத்தை 2021 ஏப்பிரலில் எழுதியதோடு சரி. அவ்வாண்டு சூன் 18-ஆம் நாள் ஒன்றிய நாடுகள் (ஐ.நா.) பொதுப்பேரவை பர்மியப் படையாட்சியைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. 119 நாடுகள் ஆதரித்தன. அவற்றுள் இந்தோனேசியாவும் ஒன்று. தாய்லாந்து எப்பக்கமும் சாராது ஒதுங்கிற்று. சீனமும் ஒதுங்கிற்று. உலகின் மிகப்பெரிய மக்களாட்சி என்று நாள்தோறும் பறையறையும் தில்லியும் ஒதுங்கியே நின்றது! தன்னாட்டில் எப்பூட்டுத் திறந்துள்ளதோ அந்நாடே பிறர் பூட்டைப் பற்றிப் பேசத் துணிந்தது என்பதை அவ்வொப்போலைப் பட்டியல் காட்டுகின்றது.

எனவே, அன்பர்களே, ஒரு நாட்டில் மக்களாட்சி உள்ளதா என்று அறிய, எத்தனை தேர்தல் நடந்தது என்று எண்ணாதீர்கள். மூன்று வினாக்களைக் கேளுங்கள். அந்நாட்டின் அரசமைப்பைத் திருத்தும் திறவுகோல் மக்கள் கையில் உள்ளதா, படைக்கலம் உள்ளோர் கையில் உள்ளதா? தலைநகரில் செல்லுபடியாகும் சட்டமே எல்லைப்புறத்திலும் செல்லுபடியாகின்றதா, அங்கென்று தனிக் கொடுஞ்சட்டம் உள்ளதா? அந்நாட்டின் மிகச்சிறிய இனத்துக் குழந்தை தன் தாய்மொழியில் கற்க உரிமையுண்டா? இம்மூன்றுக்கும் ஆமென்று கூற இயலாத நாட்டில் நடப்பது தேர்தல் மட்டுமே. இவ்வினாக்களை அயல்நாட்டாரிடம் கேட்பதோடு நின்றுவிடாமல், அவரவர் ஆள்வோரிடமும் ஓயாது கேட்க வேண்டும். மலைமேல் வாழும் ஒரு கச்சின் உழவனின் உரிமையும் இரங்கூன் நகரத்து மாணவனின் உரிமையும் ஒரே கயிற்றின் இரு முனைகள். ஒன்றை அறுத்துவிட்டு இன்னொன்றைப் பற்றிக்கொண்டிருக்க எவராலும் இயலாது.